சாதனைக்குத் தேவை திறமையா? துணையா?

நடுவர் அவர்களே! நம்ம கொங்கு நாட்டுல சுரைக்குடுக்கையை முதுகுல கட்டிவிட்டுத்தான் கிணத்துல நீச்சல் பழக்குவாங்க.

எதிரணியினர், 'ஈரோட்டுக் குற்றாலீஸ்வரன் திறமையால்தானே ஜெயித்தார்?' என்றார்கள். வாஸ்தவம்தானுங்க! 1994-இல், 13 வயதுகூட நிறையாத பையன் ஆங்கிலக் கால்வாயையே நீந்திக் கடந்தார். ஒரே வருஷத்துல ஆறு நீர்வழிகள்! 1966-இல் ஐந்தைக் கடந்த மிகிர் சென்னையே முந்தினார். 1996-இல் அர்ஜுனா விருதும் வந்தது.

அப்புறம்? செலவுக்குக் கைகொடுக்க ஆள் கிடைக்கவில்லை. நீச்சலை விட்டுவிட்டுப் பொறியியல் படிக்கப் போயிட்டாருங்க!

அலை தடுக்காதவரைச் செலவு தடுத்துருச்சு. கிணத்துக்கே ஒரு சுரைக்குடுக்கை வேணும்; கடலுக்கு வெறும் பொன்னாடை போதுமா? துணையே தேவை என்று தீர்ப்புத் தாருங்கள்!