யாரோடு யாரை அமர வைப்பது?



ஒருவன் போதையில் விழுந்தால் நாம் என்ன சொல்கிறோம்? ‘சேர்க்கை சரியில்லை’ என்கிறோம். உண்மைதான். ஆனால் சேர்க்கையால் கெட்டவன் நல்ல சேர்க்கையால்தான் மீள வேண்டும் என்பதை மட்டும் வசதியாக மறந்து விடுகிறோம்.

அமெரிக்காவின் டென்வர் நகரில், வீடில்லாமல் தெருவில் வாழும் இளைஞர்களுக்காக ‘அர்பன் பீக்’ என்ற தொண்டு நிறுவனம் உழைத்து வருகிறது. இத்தகைய இளைஞர்களைப் போதையிலிருந்து காக்கும் வழிகளில் ஒன்று, அவர்களைச் சிறு குழுக்களாக அமர வைத்துப் பேசச் செய்வது. நல்ல வழிதான். ஆனால் குழு தவறாக அமைந்தால் என்னவாகும்? விட்டவனைப் பழக்கமுள்ளவன் மீண்டும் இழுத்து விடுவான். மருந்தே நஞ்சாகி விடும்!

அப்படியானால் யாரை யாரோடு சேர்ப்பது? தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ல் இந்தக் கணக்கைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான மிலிந்த் தாம்பே, நம் நாட்டுப் பிலானியில் படித்தவர். யாருக்குப் பழக்கம் உண்டு, யாருக்கு யார் நண்பர், குழுவில் எந்த நட்பு முளைக்கும், எது முறியும் என்றெல்லாம் கணிப்பொறி கணக்கிட்டது. பழக்கமுள்ளவர்களை எல்லாக் குழுக்களிலும் சமமாகப் பிரித்து விட்டால் போதும் என்றுதானே நமக்குத் தோன்றும்? அது எப்போதும் சரியல்ல, சில வேளை தீங்காகவும் முடியும் என்று அந்தக் கணக்கு காட்டியது!

இது கணிப்பொறிக்குள் போட்ட கணக்கு. அதே பல்கலைக்கழகத்தார் லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் இதைப் போன்ற ஒன்றைச் செய்தே பார்த்தார்கள். அது எச்.ஐ.வி. தடுப்புக்கான பணி. யாருக்குப் பயிற்சி கொடுத்தால் நல்ல செய்தி அதிகம் பேரிடம் பரவும் என்று கணிப்பொறி தேர்ந்தெடுத்தது. 700க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2021ல் வெளியானது. நண்பர்கள் அதிகமுள்ளவர்களையே பொறுக்கி எடுத்த முறையை விட இது நல்ல பலன் தந்தது.

இங்கேதான் சிந்திக்க வேண்டும். கணிப்பொறி ஆளைக் காட்டியது. பேசியது யார்? அதே தெருவில் படுத்து எழுந்த இளைஞர்கள்! இரவு இரண்டு மணிக்குக் கை நடுங்குகிறவனின் பக்கத்தில் உட்கார எந்த இயந்திரமும் வராது.

இன்னொன்றும் உண்டு. யாருக்கு என்ன பழக்கம் என்ற பட்டியல் இல்லாமல் இந்தக் கணக்கே இல்லை. வீடில்லாதவனுக்கு மிஞ்சியிருப்பது அவனுடைய மானம் ஒன்றுதான். அந்தப் பட்டியல் வேண்டாதவர் கையில் சிக்கினால் அதுவும் போய்விடும். எனவே அவன் சம்மதம் கேட்டுத்தான் எழுத வேண்டும். எழுதியதைப் பூட்டி வைக்கவும் வேண்டும்.

சகோதரர்களே! கடைத் திண்ணையில் கிடப்பவனைத் தண்ணீர் ஊற்றி எழுப்புவது எளிது. அவனை யாரோடு அமர வைப்பது என்று யோசிப்பதுதான் கடினம். யோசிக்க இயந்திரம் துணைக்கு வரும். பக்கத்தில் போய் அமர வேண்டியவர் நீங்கள்தான்!