ஹெட்ரோ சாலையின் கறுப்பு முகப்பு

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷர் பகுதியில், கம்பளி வணிகத்தால் வளர்ந்த ஊர் லீட்ஸ். அந்நகரின் நடுவே ஹெட்ரோ என்ற அகலமான சாலை ஓடுகிறது. அங்கே பழைய கட்டடங்களுக்கு நடுவில் மெருகேற்றிய கறுப்புக் கல்லால் ஆன முகப்பு ஒன்று எழுந்து நிற்கிறது. நடுவில் ஒடுங்கி உயர்ந்த ஒரு வாசல், அவ்வளவுதான். புதிதாகப் பார்ப்பவருக்கு ஏதோ நினைவு மண்டபம் போலத் தோன்றும். உண்மையில் இது ஹென்றி மூர் சிற்ப மையம். சிற்பத்தைக் காட்சிக்கு வைப்பது, சேர்த்துக் காப்பது, ஆராய்வது என்ற மூன்று வேலைகளுக்காகவே 1993-இல் திறக்கப்பட்டது. கறுப்பு முகப்புக்குப் பின்னால் இருப்பவை 19-ஆம் நூற்றாண்டில் கம்பளி வணிகர்கள் கட்டிய அலுவலகங்கள். ஜெரமி டிக்சன், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற கட்டடக் கலைஞர்கள் அவற்றை ஒன்றிணைத்துக் காட்சிக்கூடங்களாகவும் நூலகமாகவும் மாற்றினர்.

மையத்தின் பெயருக்கு உரியவரான ஹென்றி மூர், லீட்ஸிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காசில்ஃபோர்டு என்ற சுரங்க ஊரில் 1898-இல் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. முதல் உலகப் போரில் நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டுத் திரும்பிய மூர், முன்னாள் படைவீரருக்கான உதவித்தொகையில் 1919-இல் லீட்ஸ் கலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே சிற்பத்துக்கென்று தனித்துறை இல்லை. அவருக்காகவே ஒன்று தொடங்கப்பட்டது, அதன் முதல் மாணவரும் அவர்தான். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சிற்பி பார்பரா ஹெப்வொர்த்தும் அதே பள்ளியில் அவரோடு படித்தவர்.

அந்த ஆண்டுகளில் லீட்ஸ் நூலகம் ஒன்றில் ரோஜர் ஃப்ரை எழுதிய கலை நூல் ஒன்று மூரின் கையில் கிடைத்தது. ஆப்பிரிக்க, மெக்சிகோ சிற்பங்களின் பக்கம் அவரைத் திருப்பியது அந்த நூல்தான். லண்டனுக்குப் போனதும் பிரிட்டிஷ் மியூசியத்தில் அவர் தேடித் தேடிப் பார்த்தவையும் அவையே. நூலகத்தில் தற்செயலாக எடுத்த புத்தகம் ஒரு சிற்பியின் போக்கையே மாற்றியதென்றால், சிற்பத்துக்கென்று ஒரு நூலகம் லீட்ஸில் அமைந்தது பொருத்தம்தான்.

மூர் 1977-இல் தம் படைப்புகளைக் கொடையாக அளித்து ஓர் அறக்கட்டளை நிறுவினார். லீட்ஸில் சிற்ப ஆய்வுக்கான முதல் மையம் 1982-இல், நகராட்சியின் கலைக்கூடத்தோடு சேர்ந்து தொடங்கியது. மூர் 1986-இல் மறைந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து அம்மையம் பக்கத்திலேயே இப்போதைய தனிக் கட்டடத்துக்கு வந்தது. அறக்கட்டளையும் நகராட்சியும் இன்றும் கூட்டாகச் செயல்படுகின்றன. நகரத்துக்குச் சொந்தமான சிற்பத் தொகுப்பை வளர்ப்பதில் மையத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

மூரின் பெயரைத் தாங்கியிருந்தாலும் இது மூரின் அருங்காட்சியகம் இல்லை. அவர் வாழ்ந்து வேலை செய்த வீடும் பட்டறைகளும் தெற்கே, ஹெர்ட்ஃபோர்ட்ஷரின் பெரி கிரீன் கிராமத்தில் இருக்கின்றன. அவர் நினைவைப் போற்றும் இடம் அது. லீட்ஸ் மையமோ மற்றவர்களின் சிற்பத்துக்கே பெரும்பாலும் இடம் கொடுக்கிறது. பிரிட்டிஷ் கலைஞர் சாரா லூகாஸின் படைப்புகள் 2012-இல் இங்கே வைக்கப்பட்டன. கம்பியால் காற்றில் கோடு வரைந்தவர் என்று சொல்லத்தக்க வெனிசுவேலாக் கலைஞர் கேகோவின் காட்சி 2014-இல் நடந்தது. பெண்கள் காலில் அணியும் நைலான் உறைகளில் மணலை நிரப்பி, இழுத்துக் கட்டித் தொங்கவிட்ட அமெரிக்கக் கலைஞர் செங்கா நெங்குடியின் காட்சி 2018-இல். கல்லும் வெண்கலமும் மட்டுமே சிற்பம் என்று நம்பி வந்தவர் கொஞ்சம் தடுமாறித்தான் போவார். விக்டோரியா அரசி காலத்துச் சிற்பிகள் வெண்பளிங்கை விட்டு வண்ணத்துக்கு மாறியதையும், அதில் இனம் பற்றிய அச்சங்கள் எப்படிப் படிந்தன என்பதையும் 2022-இல் தொடங்கிய வேறொரு காட்சி விசாரித்தது.

கூடங்களுக்கு வரும் கூட்டம் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத பகுதி, சிற்பிகளின் ஆவணக் காப்பகம். மையத்தின் உண்மையான செல்வம் அதுவே. சிலை கோவிலிலோ தெருமுனையிலோ நின்றுவிடுகிறது. அது பிறந்த பட்டறையில் எஞ்சுபவை கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள், வரைபடக் குறிப்பேடுகள், வேலை நடக்கும்போது எடுத்த புகைப்படங்கள். சிற்பி இறந்ததும் முதலில் குப்பைக்குப் போவதும் இவைதான். வெண்கலச் சிலை பெரும்பாலும் சிற்பியின் கையிலிருந்து நேராக வருவதில்லை. களிமண்ணில் உரு செய்து, பிளாஸ்டரில் வார்ப்பெடுத்து, பிறகு வார்ப்புப் பட்டறைக்குப் போகிறது. ஒரே அச்சிலிருந்து பல பிரதிகளும் வரலாம். எது எப்போது, யாருக்காக வார்க்கப்பட்டது, யார் பணம் கொடுத்தார் என்பதைச் சிலை சொல்லாது, காகிதம்தான் சொல்லும்.

தார்னிகிராஃப்ட் குடும்பத்தின் தாள்கள் இங்கே உள்ள தொகுப்புகளில் குறிப்பிடத்தக்கவை. தாமஸ், மேரி இருவரும் கணவன் மனைவி, இருவருமே சிற்பிகள். மேரியின் தந்தையும் சிற்பியே. அரச குடும்பத்துக் குழந்தைகளின் உருவங்களைச் செய்து பெயர் பெற்றவர் மேரி. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே தேரோட்டி நிற்கும் பூடிக்கா அரசியின் சிலை தாமஸின் கைவண்ணம். அதற்காக அவர் ஏறக்குறைய 30 ஆண்டுகள் உழைத்தார். அவர் 1885-இல் இறந்தபோது சிலை வெண்கலமாகியிருக்கவில்லை, 1902-இல்தான் பொதுவிடத்தில் நிறுவப்பட்டது. அவர்களுடைய மகன் ஹேமோ, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வெளியே நிற்கும் கிராம்வெல் சிலையை 1899-இல் செய்து முடித்தவர். குடும்பத் தொழிலாகச் சிற்பம் எப்படி நடந்தது என்று அறிய விரும்புவோருக்கு இந்தத் தாள்கள் பெரும் புதையல்.

வெளிநாட்டு ஆய்வாளர்களும் இங்கே வந்து தங்கிப் படிக்க உதவித்தொகை உண்டு. கருத்தரங்குகளும் நூல் வெளியீடும் நடக்கின்றன. பக்கத்து வேக்ஃபீல்டு நகரில் 2011-இல் திறந்த ஹெப்வொர்த் கலைக்கூடம், 1977 முதல் திறந்தவெளியில் இயங்கும் யார்க்‌ஷர் சிற்பப் பூங்கா, லீட்ஸ் கலைக்கூடம் ஆகியவற்றோடு சேர்ந்து 2019-இல் இம்மையம் பன்னாட்டுச் சிற்பத் திருவிழா ஒன்றை நடத்தியது.

மையத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. மேல்தளத்திலிருந்து ஒரு சிறு பாலம் பக்கத்துக் கலைக்கூடத்துக்கு இட்டுச் செல்கிறது. மூர் 1929-இல் பழுப்பு நிற ஹார்ன்டன் கல்லில் செதுக்கிய சாய்ந்திருக்கும் பெண்ணின் உருவம் அந்தக் கலைக்கூடத்தின் சொத்து. அதை நகரம் 1941-இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, விலைக்கு வாங்கியது.