படித்ததும் பார்த்ததும்



ஞாயிற்றுக்கிழமை மாலை தூர்தர்ஷனில் தமிழ்ப் படம் போடுவார்கள். எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒரே வீட்டின் கூடத்தில் பாதி ஊர் உட்கார்ந்திருக்கும். அப்படித்தான் ஒரு ஞாயிறு 'உதிரிப்பூக்கள்' பார்த்தேன். படம் முடிந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. வழக்கமாகப் படம் முடியும் முன்பே செருப்பைத் தேட ஆரம்பிக்கும் கூட்டம் அது. எனக்கோ, படத்தின் தொடக்கத்தில் வந்த புதுமைப்பித்தன் என்ற பெயர் மனதில் நின்றுவிட்டது. மறுநாளே கிளை நூலகத்துக்குப் போய், படத்துக்கு மூலமான அவருடைய 'சிற்றன்னை' குறுநாவல் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அன்று இரவே படித்து முடித்தேன். முடித்ததும் ஏமாந்துபோனேன். நான் பார்த்த கதை அதில் இல்லை.

அந்த ஏமாற்றம் தெளிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. புத்தகத்தையும் அதிலிருந்து பிறந்த படத்தையும் சேர்த்து ரசிப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்ததே அந்த ஏமாற்றம்தான். இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன்.

நூலில் வரும் சுந்தரவடிவேலு ஒரு பேராசிரியர். படித்தவர், தன் யோசனைகளுக்குள் மூழ்கிக் கிடப்பவர். தாயை இழந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் இரண்டாவது மனைவி வருகிறாள். படத்தின் சுந்தரவடிவேலு கிராமத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். ஊர் மரியாதை செய்யும் மனிதர். நோயாளி மனைவி லட்சுமி உயிரோடு இருக்கும்போதே அவளுடைய தங்கையையும் கட்டித்தரச் சொல்லிக் கேட்பவர். பெயர் ஒன்று, ஆட்கள் வேறு. ஊர் வேறு, முடிவும் வேறு. அப்படியானால் படத்தின் இயக்குநர் மகேந்திரன் அந்தக் குறுநாவலிலிருந்து எதைத்தான் எடுத்துக்கொண்டார்? அந்தக் குழந்தைகளை. பெரியவர்களின் ஆசைக்கும் அகம்பாவத்துக்கும் நடுவே, என்ன நடக்கிறது என்று முழுதாகப் புரியாமல் நிற்கிற இரண்டு சின்ன உருவங்கள். புதுமைப்பித்தன் எழுத்தில் அவரை விடாமல் பிடித்துக்கொண்டது அது. மற்றதை எல்லாம் மூடிவைத்துவிட்டு அந்த ஒன்றைச் சுற்றி ஒரு கிராமத்தையே கட்டிவிட்டார்.

படத்தின் கடைசிக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஊரார் சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்குக் கூட்டிவருகிறார்கள். யாரும் அவரை அடிக்கவில்லை. கூச்சல் இல்லை. அவரே தண்ணீருக்குள் இறங்கிப் போகவேண்டும், அவ்வளவுதான். இறங்கும் முன், நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேனே என்ற பொருளில் சில வார்த்தைகள் சொல்கிறார். படம் முழுவதும் நாம் வெறுத்த மனிதர் அவர். அந்த நேரத்தில் நம்முடைய வெறுப்பு கரையில் நிற்கும் ஊரார் மேல் திரும்பி, பிறகு நம் மேலேயே திரும்புகிறது. அப்போது பிள்ளைகள் ஓடிவருகிறார்கள். அசோக்குமாரின் கேமரா யாருடைய முகத்தையும் துருவிப் பார்ப்பதில்லை. இளையராஜாவின் இசை நம்மை அழச்சொல்லி வற்புறுத்துவதில்லை. நான் இந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளைகள் ஓடிவரும்போது தலை குனிந்துகொள்வேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த மகேந்திரன்தான் 'தங்கப்பதக்கம்' எழுதியவர். சிவாஜி கணேசன் முழங்குவதற்கு வசனம் கொடுத்த கை அது. அந்தக் கையே பிறகு தன் சொந்தப் படங்களில் வசனத்தைக் குறைத்தது, மௌனத்தை நம்பியது. தன்னிடம் இருந்த பெரிய திறமை ஒன்றை, வேண்டாத இடத்தில் வேண்டாம் என்று வைத்துவிட ஒரு கலைஞனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

புதுமைப்பித்தனையும் சினிமா விட்டுவைக்கவில்லை. படத்துக்கு எழுதப்போனார், சொந்தமாகப் படம் எடுக்கக் கம்பெனிகூடத் தொடங்கினார். 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதுவதற்காகப் புனே போனவர் காசநோயோடு திரும்பி 1948-இல் காலமானார். அவருக்கு அப்போது வயது 42. அவர் கதையிலிருந்து பிறந்த 'உதிரிப்பூக்கள்' 1979-இல் வெளிவந்தது. நடுவில் 31 ஆண்டுகள். அதைப் பார்க்க அவர் இல்லையே என்ற ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

'உதிரிப்பூக்கள்' வருவதற்கு முந்தைய ஆண்டு மகேந்திரன் இயக்கிய முதல் படம் 'முள்ளும் மலரும்'. அதுவும் நூலிலிருந்து பிறந்ததுதான். கல்கி இதழின் போட்டியில் பரிசு பெற்ற, உமாசந்திரன் எழுதிய நாவல். அதிலும் இவர் தனக்கு வேண்டிய காளியையும் அவன் தங்கையையும் மட்டும் எடுத்துக்கொண்டு தன் வழியே போனார். பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவைப் பற்றித் தனி உரையே நிகழ்த்தலாம். இன்று அதற்கு நேரமில்லை.

நாவலை அப்படியே படமாக்கினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். தி. ஜானகிராமனின் நாவலிலிருந்து ஞான ராஜசேகரன் 1995-இல் எடுத்த 'மோகமுள்' எனக்குப் பிடித்த படம். நெடுமுடி வேணு சங்கீத குரு ரங்கண்ணாவாக உட்கார்ந்திருக்கும் அழகுக்காகவே பார்க்கலாம். ஆனாலும் நாவலின் நாயகன் பாபுவை அந்தப் படத்தில் நான் பாதிதான் கண்டேன். ஜானகிராமன் வானொலியில் பணியாற்றியவர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் எழுத்தே காதால் கேட்கிற எழுத்து. கும்பகோணத்தின் வீதியும் காவிரிப் படித்துறையும் ஒரு தம்புராவின் ஸ்ருதிக்குள் நடப்பதுபோல அந்த நாவலில் நடக்கும். பாபுவின் மனதில் ஓடுகிற ஒரு நிமிடத்துக்கு அவர் இரண்டு பக்கம் கொடுப்பார். கேமரா வெளியில் நின்று முகத்தைத்தான் பார்க்க முடியும். படம் உண்மையாகத்தான் இருந்தது. அந்த உண்மையே அதைக் கட்டிப்போட்டுவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

ஜெயகாந்தனின் கதையே தனி. 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையில், மழையில் ஏமாற்றப்பட்டு வந்த மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். ஒரு குடம் தண்ணீரில் அந்தத் தாய் ஊரின் வாயை அடைத்துவிடுகிறாள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூப்பாடு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே யோசித்து எழுதிய நாவல்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. பீம்சிங் இயக்கிய அதன் திரைவடிவத்துக்கும் ஜெயகாந்தனே எழுதினார். அந்த மகள் கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. தன் கதைக்குத் தானே மறுப்பு எழுதி, அந்த மறுப்பையும் திரைக்குக் கொண்டுவந்த எழுத்தாளர் வேறு யாரையும் நான் அறியேன்.

இப்போது பூமணியின் 'வெக்கை'க்கு வருகிறேன். 1982-இல் வந்த நாவல். முதல் பக்கத்திலேயே கொலை நடந்துவிடும். அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையைத்தான் வெட்ட நினைக்கிறான் சிதம்பரம். வயது பதினைந்து. ஆனால் வடக்கூரான் செத்துப்போகிறான். பிறகு அந்தப் பையனும் அய்யாவும் கரிசல் காட்டில் ஒளிந்து திரிகிற சில நாட்கள்தான் நாவல். அவர்கள் கிடைத்ததைச் சமைக்கிறார்கள், கிணற்றில் குளிக்கிறார்கள், மரத்தடியில் தூங்குகிறார்கள். ஓடி ஒளிகிற நேரத்திலும் பையன் பையனாகவே இருக்கிறான். எந்தப் புதரில் என்ன காய் கிடைக்கும் என்று பார்க்கிறான். கொலைகாரன் என்று ஊர் சொல்லும் ஒருவன் காயைப் பறித்துக் கடிப்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பூமணி ஒரு வரிகூட அவனுக்காக வாதாடுவதில்லை. அதுதான் அந்த நாவலின் பலம்.

வெற்றிமாறன் 2019-இல் இதை 'அசுரன்' ஆக்கியபோது, நாவலில் இல்லாத பெரிய முன்கதை ஒன்றைத் தந்தைக்குக் கொடுத்தார். பஞ்சமி நிலத்தைச் சொன்னார், சண்டைகள் வைத்தார். நாவலின் அமைதி போய்விட்டதே என்று என் நண்பர்கள் பலர் வருந்தினார்கள். எனக்கும் அந்த அமைதி போனதில் வருத்தம் உண்டு. ஆனால் படத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாவல் பையனின் கண்ணால் பார்க்கிறது. வெற்றிமாறன் தகப்பனின் பக்கம் உட்கார்ந்து படித்திருக்கிறார். வாய் பேசாமல் மகனைக் காப்பாற்றுகிற இந்த மனிதன் முன்பு யாராக இருந்தான் என்று அவருக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது. நல்ல வாசகனுக்குத் தோன்றவேண்டிய கேள்வி அது. தனுஷின் தளர்ந்த நடையும் குனிந்த தோளும் அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தவை.

பூமணியே இயக்குநரும்கூட என்பது பலருக்குத் தெரியாது. தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றி 'கருவேலம்பூக்கள்' என்ற படத்தை எடுத்தவர் அவர். கிடைத்தால் பாருங்கள்.

கடைசியாக, ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சில பக்கங்களே உள்ள சிறுகதை. அதைத்தான் சசி 'பூ' என்று முழுநீளப் படமாக எடுத்தார். நாவலைச் சுருக்குவதைவிடச் சிறுகதையை விரிப்பதே திரைக்கு நல்லது என்று எனக்குத் தோன்றுவதற்கு அந்தப் படமும் ஒரு காரணம். மாரியாக வந்த பார்வதி, தான் ஆசைப்பட்டவன் நன்றாக இருக்கிறானா என்று பார்க்க வெயிலில் நடந்துபோகிறாள். ஆசைப்பட்டவன் கிடைக்காத துக்கத்தை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவன் சுகமாக இல்லையே என்று அழுகிற பெண்ணை நான் அந்தக் கதையில்தான் முதலில் சந்தித்தேன்.

நேயர்களே, படம் நூலைப் போலவே இருக்கிறதா என்று நான் இப்போதெல்லாம் பார்ப்பதில்லை. இயக்குநர் அந்த நூலில் எந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார், எதைப் படித்துத் தூக்கம் கெட்டார் என்றுதான் தேடுகிறேன். அது தெரிகிற படங்களே எனக்குப் பிடித்த படங்கள்.

படத்தைப் பார்த்த லட்சக்கணக்கானோரில் நூலைத் தேடிப் போகிறவர்கள் மிகச் சிலர். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவராக இருக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமையானவை; பல பதிப்புகளில் கிடைக்கின்றன. 'சிற்றன்னை'யை ஒரே இரவில் படித்துவிடலாம். நூலகத்துக்குப் போய் எடுத்துவிடுங்கள்.