மூல நட்சத்திரமும் மெஸியே 77-ம்

(கூடுவாஞ்சேரியில் ஆற்றிய சொற்பொழிவு)



கூடுவாஞ்சேரியில் கூட்டம் போட்டு வரதட்சணையைப் பற்றியோ வட்டிக் கடையைப் பற்றியோ பேசாமல், வெறுங் கண்ணுக்குத் தெரியாத ஒரு வான மண்டலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று சிலர் நினைக்கலாம். லாபம் இருக்கிறது. மூல நட்சத்திரத்தில் பிறந்தாள் என்ற ஒரே குற்றத்துக்காக, படித்து வேலை பார்க்கும் பெண்ணை மாமனாருக்கு ஆகாதவள் என்று தள்ளி வைக்கும் வீடுகள் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு பக்கமும் இன்னும் இருக்கின்றன. அந்தத் தீர்ப்புக்குச் சாட்சியாக அழைக்கப்படுவது ஆகாயம். ஆகவே அந்தச் சாட்சியையே விசாரித்துப் பார்ப்பது நியாயமென்று கருதுகிறோம்.

நமது சூரியனும் பதினாயிரங் கோடிக்குக் குறையாத மற்ற நட்சத்திரங்களும் சேர்ந்த கூட்டத்துக்குக் காலக்ஸி என்று பெயர். இப்படிப்பட்ட காலக்ஸிகள் எண்ணித் தீராதவை. அவற்றில் ஒன்று, சுருள் சுருளாகக் கைகளை விரித்துக்கொண்டு, திமிங்கில உருவமென்று சொல்லப்படும் நட்சத்திரத் தொகுதியின் திசையில் இருக்கிறது. 1780-ல் மெஷேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டார். மெஸியேயின் பட்டியலில் அது 77-வது. அக்கம்பக்கத்துக் காலக்ஸி என்றுதான் வான சாஸ்திரிகள் சொல்லுகிறார்கள். ஆனால் அதன் ஒளி இங்கே வந்து சேர நாலரைக் கோடி ஆண்டுக்கு மேலாகிறது. அவ்வொளி புறப்பட்ட நாளில் பூமியில் பஞ்சாங்கமும் இல்லை, அதைப் பார்க்க மனிதனும் இல்லை.

1908-ல் அமெரிக்காவில் எட்வர்ட் ஃபாத் என்பவர் இதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, வெறும் நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கக்கூடாத பிரகாசமான கோடுகள் இருக்கக் கண்டார். 1943-ல் கார்ல் ஸீபர்ட் இதையும் இதுபோன்ற வேறு ஐந்தையும் ஆராய்ந்தார். நடுமையம் மிகப் பிரகாசம்; கோடுகளோ அகன்று கிடந்தன. அகன்றதற்கு அர்த்தம் என்ன? நம்மூர் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸின் ஊதல், வரும்போது ஒரு சுருதியிலும் போகும்போது அதற்குத் தாழ்ந்த சுருதியிலும் கேட்கிறதல்லவா? ஒளிக்கும் அப்படியே. வாயு நம்மை நோக்கியும் நம்மை விட்டும் ஒரே காலத்தில் ஓடினால் கோடு இரு பக்கமும் விரியும். இங்கே ஓடும் வேகம் செகண்டுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்.

அவ்வளவு வேகத்தில் வாயுவை இழுத்துச் சுழற்றுவது எது? ஒரு கோடிச் சூரியன்களுக்கு மேற்பட்ட எடையுள்ள கருந்துளை என்று இன்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. இவ்வகைக் காலக்ஸிகள் சிலவற்றில் ஹைட்ரஜன் கோடு மிக மிக அகலம், 77-ல் அவ்வளவில்லை. இரண்டும் வேறு வேறு ஜாதியோ என்று சந்தேகித்தார்கள். (ஜாதி பிரிப்பதில் நம்மவருக்கு மட்டுமே ஆசை என்று எண்ண வேண்டாம்.) 1985-ல் அன்டனூச்சி, மில்லர் என்ற இருவர் அந்த வித்தியாசத்தை உடைத்தார்கள். சுவருக்குப் பின்னால் பெட்ரோமாக்ஸ் எரிந்தால் விளக்கு நமக்குத் தெரியாது. எதிர்ப் புளியமரத்தில் விழுந்த வெளிச்சம் தெரியும். அதுபோல, தூசிச் சுவருக்குப் பின்னே மறைந்திருந்த மையத்தின் ஒளி, மேலேயுள்ள வாயுவில் பட்டுத் திரும்பியதைப் பிரித்தெடுத்தார்கள். அதில் அந்த அகன்ற கோடு இருந்தது! உள்ளே இருப்பது ஒன்றேதான். நாம் பார்க்கும் பக்கம்தான் வேறு.

அன்றியும், தென் துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள் 5,160 கருவிகளை இறக்கி வைத்து, நியூட்ரினோ என்னும் அதிசூட்சுமத் துகள்களுக்காகக் காத்திருந்தார்கள். 2011 முதல் 2020 வரை சேர்ந்த கணக்கில் சுமார் 79 துகள்கள் இந்தக் காலக்ஸியின் திக்கிலிருந்து வந்தவையென்று 2022-ல் வெளியிட்டார்கள். அது தற்செயலாக நேர்ந்திருக்க லட்சத்தில் ஒரு பங்கு இடமுண்டு என்றும் கூடவே அச்சிட்டார்கள். தன் சொல் தவற எவ்வளவு இடமிருக்கிறதென்று எழுதிக் கொடுத்த ஜோசியர் எவரையாவது நீங்கள் கண்டதுண்டா?

ராகுகாலத்தையும் அங்கே பார்த்துவிடுவோம். பகலை எட்டாக்கி ஒரு பங்கு ராகுவுக்கு என்பது கணக்கு. தென் துருவத்தில் ஒரு பகல் ஆறு மாதம். ஒரு ராகுகாலம் மூன்று வாரத்துக்கு மேல் நீளும்! கிழமைக்கொரு பங்கு என்கிறார்களே, ஒரே பகலுக்குள் இருபத்தாறு வெள்ளிக்கிழமை வந்தால் எதற்கு எந்தப் பங்கு என்று கேட்கின்றோம்.

இதைச் சொன்னால், கருந்துளை எங்கள் புராணத்தில் முன்னமே இருக்கிறது என்பார்கள். இருந்தால் ஸீபர்ட்டுக்கு முந்திச் சொல்லியிருக்கலாமே! கண்டுபிடிப்பு வந்த மறுநாள்தானா சுலோகத்துக்கு அர்த்தம் பிறக்கும்? நம் நாட்டில் உழைத்தவர்கள் இல்லாமலில்லை. சென்னைப் பிரசிடென்சி காலேஜில் படித்த சந்திரசேகர், 1930-ல் சீமைக்குக் கப்பலில் போகும்போதே, செத்த நட்சத்திரம் ஓர் அளவுக்கு மேல் கனத்தால் தாங்காது என்று கணக்குப் போட்டார். 1935-ல் எடிங்டன் என்ற மகா பண்டிதர் சபையில் பரிகசித்தார். பெரியவர் சொல்லிவிட்டார் என்று கணக்கை அழித்துவிடவில்லை. 1983-ல் நோபல் பரிசு வந்தது. அதற்கும் முன்பு, சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரமொன்றைக் கண்டார். பஞ்சாங்கம் கணித்தவரே அவர். பழைய பஞ்சாங்கக் கணக்கு ஆகாயத்தோடு ஒத்துவரவில்லை, கண்ணால் பார்த்துத் திருத்துங்கள் என்றார்.

இனி மூலத்துக்கு வருவோம். தேள் உருவத்தின் வால் பக்கத்து நட்சத்திரங்கள் அவை. பெண் பிறந்தபோது சந்திரன் அந்தப் பக்கமாக நின்றது, அவ்வளவே. அந்த நட்சத்திரங்களின் ஒளி பல நூறு ஆண்டு நடந்து வருவது. அவள் பிறந்த அன்று வந்து சேர்ந்த ஒளி, அவளுடைய கொள்ளுப்பாட்டிக்குப் பாட்டி பிறக்குமுன்பே புறப்பட்டது. இவளுக்கு வரப்போகும் மாமனார் யாரென்று அப்பொழுதே அதற்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தது என்பவர் தம் வீட்டுப் பெண்ணை எத்தனை வருஷம் காக்க வைத்திருக்கிறார் என்பதையும் சொல்லட்டும்.

77-ஐ நேரில் பார்க்க ஆசைப்படுவோர் மார்கழி பிறந்ததும் இரவு 9 மணி சுமாருக்குப் பார்க்கலாம். நல்ல காரியத்துக்கு ஆகாத மாதம் என்பார்கள். இதற்கு அதுவே தோதான மாதம். தலை உச்சிக்குச் சற்றுத் தெற்கே நிற்கும். ரோட்டு விளக்கின் வெளிச்சத்தில் அகப்படாது. இருட்டான இடமும் ஆறு அங்குல தூரதிருஷ்டிக் கண்ணாடியும் வேண்டும். மங்கலான பஞ்சுப் பொட்டாகத் தெரியும். ஜவ்வாது மலைக் காவலூரிலே வைணு பாப்பு பெயரால் 1986 முதல் 2.3 மீட்டர் கண்ணாடி நிற்கிறது. அதைப் போன்றவற்றின் மூலமே சுருளும் மையமும் விளங்கும். மழை விட்ட இரவாக, நிலா இல்லாத நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள். அமாவாசையானால் இன்னும் நல்லது.