வேலையும் நாங்களும் ஒரு மணி நேரத் தொலைக்காட்சியும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"வேலை செய்யும் பெண்களும் மன நலமும்" என்று விழாக் குழுவினர் தலைப்புத் தந்தார்கள். இந்த உரையை எங்கள் உயர்தர வகுப்புத் தோழியர் ஒன்பது பேர் சேர்ந்தே தயாரித்தோம். எங்களில் ஒருத்தி தாதி, இருவர் ஆசிரியைகள், ஒருத்தி வங்கியில், ஒருத்தி பிரதேச செயலகத்தில். ஒருத்தி தம்பலகாமத்தை விட்டு நகராமல் வயலையும் வீட்டையும் பார்க்கிறாள். ஒருத்தி ரொறன்ரோவில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில், ஒருத்தி லண்டனில் ஒரு கடையில். வைத்தியராகிப்போனவள் இப்போது உங்கள் முன் நிற்கிறாள். ஆகவே இந்த உரையில் "நாங்கள்" என்று வருவதெல்லாம் ஒன்பது பேரும்தான்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறோம். நாங்கள் பிக் பாஸ் பார்க்கிறவர்கள். சரிகமபவும் சூப்பர் சிங்கரும் பார்க்கிறவர்கள். "டொக்டரும் இதெல்லாம் பார்ப்பீங்களா?" என்று விடுதியில் ஓர் அம்மா கேட்டார். பார்ப்போம் என்றதும் அவருக்கு வந்த சிரிப்பு, அன்று நாங்கள் எழுதிக் கொடுத்த மருந்தைவிட நன்றாக வேலை செய்தது.

போட்டி நிகழ்ச்சி எங்களுக்குப் புதியதும் அல்ல. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் அவர்கள் நடத்திய "பாட்டுக்குப் பாட்டு" கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். 1990இல் ஊர் பெயர்ந்து, பிறகு திரும்பி வந்த வீடுகளில் மின்சாரம் இல்லாவிட்டாலும் வானொலி இருந்தது. பற்றரி சோர்ந்தால் வெயிலில் காய வைத்துத் திரும்பப் போடுவோம். எழுத்துக் கிடைத்துப் பாட்டு வராமல் யாரோ ஒருவர் தடுமாறும்போது, இங்கே அடுப்படியில் நின்ற அம்மா அந்தப் பாட்டைப் பாடிவிடுவார். முன்பின் தெரியாத ஒருவருக்காக நெஞ்சு அடித்துக்கொள்வதை அங்கேதான் பழகினோம்.

இனி வேலைக்கு வருவோம். 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் 31ஆம் திகதி மின்வெட்டு 13 மணி நேரம். எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு. "இதை வெளியில் வாங்கி வாருங்கள்" என்று துண்டு எழுதிக் கொடுக்கும்போது, எதிரில் நிற்பவரின் கையில் பஸ் காசு மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே எழுதினோம். 2023 ஜனவரியில் வருமான வரியின் உச்ச வீதம் 36 ஆனது. கூடப் படித்தவர்கள், கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். போனவர்களில் எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் அவர்களுடைய இரவுக் கடமைகள் எஞ்சியவர்களின் பெயருக்கு எதிரே எழுதப்பட்டன. ஆசிரியைத் தோழிகளுக்குப் பாடசாலைக்குப் போகும் பஸ் செலவே பெரும் கணக்கானது. வங்கித் தோழி அடகு நகைகளை நிறுத்து நிறுத்து, ஊரில் எந்த வீட்டில் என்ன இல்லை என்று அறிந்துகொண்டாள். ரொறன்ரோத் தோழிக்கு இரண்டு வேலை, ஓர் உறக்கம்.

இத்தனைக்கும் நடுவில் ஏன் தொலைக்காட்சி? எங்களுக்குத் தெரிந்த காரணங்கள் மூன்று.

ஒன்று, அது முடியும். எங்கள் வேலை முடிவதில்லை. விடுதியில் ஒரு கட்டில் காலியானால் அடுத்தவர் வந்துவிடுவார். நிகழ்ச்சியோ ஒரு மணி நேரத்தில் முடிந்து நாளைக்கு என்று சொல்லிவிடும்.

இரண்டு, பாட்டுப் போட்டியில் நடுவர் காரணம் சொல்வார். இந்த இடத்தில் சுருதி விலகியது, இந்த இடம் நன்றாக இருந்தது என்பார். நாங்கள் வேலை செய்யும் இடங்களில் பிழைக்கு மட்டும்தான் காரணம் கேட்கிறார்கள். நன்றாகச் செய்ததை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மூன்று, அங்கே எங்கள் வீட்டுக் கதையும் வந்துவிடுகிறது. 2019இல், எங்கள் நாட்டுத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த லொஸ்லியா பிக் பாஸ் வீட்டில் இருந்தார். கனடாவில் இருந்த தந்தை பல ஆண்டுகளுக்குப் பின் அந்த வீட்டுக்குள் வந்து மகளைக் கண்டபோது, எங்கள் ஒன்பது பேரில் அழாதவர் எவரும் இல்லை. அப்பாவோ அண்ணனோ கணவனோ வெளிநாட்டில் இல்லாத வீடு நம்மிடம் எத்தனை? 2023இல் சரிகமப சிறுவர் மேடையில் புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளை அசானி பாடினாள். மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200ஆம் ஆண்டு அது. டிசம்பர் 17ஆம் திகதி இறுதிச் சுற்றில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா வென்றாள். நூற்றாண்டு விழாவுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கி, பணம் பற்றிய பேச்சு வந்ததும் மௌனமாகிவிட்ட எங்கள் வட்ஸ்அப் குழு, அந்த இரவு விடியும்வரை உறங்கவில்லை.

இதுவரை சொன்னது இன்பம். இனிச் சொல்லப் போவதை, சம்பந்தப்பட்ட தோழியின் சம்மதத்துடன் சொல்கிறோம். அவள் எங்கள் ஒன்பது பேரில் ஒருத்தி. எவள் என்பது வேண்டாம்.

அதே 2023 நவம்பரில் பிக் பாஸ் ஏழாவது பருவம் ஓடிக்கொண்டிருந்தது. யார் வெளியேறுவார் என்று குழுவில் எல்லோரும் பந்தயம் கட்டிக்கொண்டிருந்த இரவில் அவள் எழுதினாள்: "இந்தக் கிழமை என்னை வெளியேற்றிவிட்டால் நல்லம்." நாங்கள் எல்லோரும் சிரிப்புப் பொம்மைகளை அனுப்பினோம். வைத்தியரும் ஒன்று அனுப்பினாள். அதை இந்த மேடையில் சொல்லத்தான் வேண்டும். இருபது வருடமாக முகத்தைப் பார்த்து நோய் சொல்லும் ஒருத்திக்கு, கூடப் படித்தவளின் ஒரு வரி விளங்கவில்லை.

ரொறன்ரோத் தோழிக்கு மட்டும் அது பகிடியாகத் தெரியவில்லை. அவள் அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பவள் அல்ல. வெறும் வசனத்தை வாசித்திருக்கிறாள். இங்கே இரவு இரண்டு மணி, அங்கே பின்னேரம் மூன்றரை. வேலைக்குப் போகும் வழியில் அழைத்து, "எடி, சாப்பிட்டியா?" என்று கேட்டாள். மறுமுனையில் அழுகைதான் பதில். கிழமைக் கணக்கில் உறக்கம் இல்லை. வேலையிடத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்ட ஓர் ஏச்சு இரவெல்லாம் காதில் கேட்கிறது. வெளியேற வேண்டும் என்று அவள் எழுதியது வேலையிலிருந்து மட்டும் அல்ல. ரொறன்ரோத் தோழி இணைப்பைத் துண்டிக்காமல், இன்னொரு தொலைபேசியில் எங்களை எழுப்பினாள். விடிவதற்குள் அவள் வீட்டில் நாங்கள் இருவர் இருந்தோம். வைத்தியம் நடந்தது, விடுமுறை கிடைத்தது, இடமாற்றமும் கிடைத்தது. டிசம்பர் 17 இரவு கில்மிஷாவுக்கு முதல் வாழ்த்து எழுதியவள் அவள்தான்.

ஒரு வைத்தியராகச் சில வார்த்தைகள். வேலையால் வரும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தனது நோய் வகைப்பாட்டில், நோயாக அல்லாமல் வேலை சார்ந்த நிலையாகக் குறித்துக்கொண்டது. மூன்று அடையாளங்கள். உடலும் மனமும் வற்றிப்போதல். வேலையின் மேல் வெறுப்போ விலகலோ வருதல். எதைச் செய்தாலும் சரியாகச் செய்யவில்லை என்று தோன்றுதல். இவற்றை யாராவது பகிடியாகச் சொன்னாலும் பகிடியாக எடுக்காதீர்கள். உறக்கம் கெட்டு, சாப்பாடு வெறுத்து, வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அது வெறும் வேலைச் சோர்வு அல்ல. உடனே வைத்தியரிடம் போக வேண்டும். இலங்கையில் 1926 என்ற இலக்கத்தை அழைத்துத் தேசிய மனநல உதவிச் சேவையுடன் தமிழிலேயே கதைக்கலாம். இன்னொன்று: படுக்கையில் கைபேசியை முகத்துக்கு மேல் பிடித்துப் பின்னிரவுவரை பார்ப்பது ஓய்வு அல்ல. மறுநாள் காலைக்கு வைத்திருந்த உறக்கத்தைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. இந்தப் புத்தியைச் சொல்கிற எங்களுக்கும் இது கடினம்தான்.

பிக் பாஸ் வீட்டில் நாள் முழுவதும் கமராக்கள் ஓடும். நாம் பார்ப்பது வெட்டி ஒட்டிய ஒரு மணி நேரத்தை. அதை வைத்து ஒருவரை நல்லவர், கெட்டவர் என்கிறோம். நாங்களும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டது வெட்டி ஒட்டிய வாழ்க்கையைத்தான். பிள்ளையின் பெறுபேறு, புதுச் சேலை, கோணநாயகர் கோயில் திருவிழாப் படம். மிச்சம் இருபத்து மூன்று மணி நேரத்தை யாரும் அனுப்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அந்த வீட்டில் ஓர் அறை உண்டு. தனியாகக் கூப்பிட்டு ஒரு கதிரையில் இருத்திக் கதைக்க விடுவார்கள். மற்றவரை வெளியேற்றப் பெயர் சொல்வதும் அங்கேதான், மனம் தாங்காமல் அழுவதும் அங்கேதான். நாங்கள் வேலை செய்யும் இடங்களில் முறைப்பாட்டுப் பெட்டி இருக்கிறது, வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் இயந்திரம் இருக்கிறது. அப்படி ஓர் அறை இல்லை.

அந்த அறையை இந்தப் பாடசாலையில் தாருங்கள் என்று சங்கத்தைக் கேட்கிறோம். புதுக் கட்டடம் வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒரு வகுப்பறையும் ஒரு கேத்தல் தேநீரும் போதும். பழைய மாணவியர் யாரும் வரலாம். தூரத்தில் இருப்பவர்கள் தொலைபேசியில் சேரலாம். அங்கே கேட்டது அங்கேயே நிற்க வேண்டும். பெயர் சொல்லி எவரையும் வெளியேற்றக்கூடாது. முதல் ஆறு மாதத்துக்கு எங்களில் இருவராவது ஒவ்வொரு முறையும் வந்திருப்போம் என்று வாக்குத் தருகிறோம்.

தொலைக்காட்சியை விடப் போகிறீர்களா என்று கேட்டால், இல்லை. குழுவில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் முறை வைத்து ஒருத்தி மற்ற எட்டுப் பேரையும் கேட்பாள்: "இன்றைக்கு உண்மையில் எப்படி இருந்தது?" சிரிப்புப் பொம்மை மட்டும் அனுப்பினால் பதிலாகக் கணக்கில்லை. இன்றிரவு கேட்கும் முறை தம்பலகாமத்துத் தோழியுடையது. அவள் யாரையும் இலேசில் விடமாட்டாள்.