கடன் தீர்க்க வருவோரும் கடன் வளர்க்க வருவோரும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



கடன் வாங்குவதன் தீமையைப் பற்றி இம்மேடையில் பலர் பலமுறை பேசியிருக்கின்றனர். யான் இன்று அதனைக் கூற வரவில்லை. கடன்பட்டவர் அதனின்றும் மீள வழி தேடுங்காலத்தில், மீட்பதாகச் சொல்லி வருவோர் கையில் எஞ்சிய பொருளையும் இழந்துவிடுகின்றனரே, அவ்வஞ்சனையைப் பற்றியே சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

ஒருவர் பட்ட கடனைக் குறைக்கவோ தள்ளவோ அதிகாரம் உடையவர் யாவர்? ஆராயுமிடத்து மூவரேயாவர். கடன் கொடுத்தவர் ஒருவர், அரசாங்கத்தார் ஒருவர், நியாயஸ்தலத்தார் ஒருவர். நான்காமவர் என ஒருவர் இல்லை. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

1938-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் ஸ்ரீ இராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபையார் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றினர். 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1-ஆம் தேதியில் நின்ற வட்டி பாக்கி முழுதும் அதனால் நீங்கிற்று. அசலைப்போல் இருமடங்கு முன்னரே செலுத்தியிருந்தவருக்குக் கடன் முழுதுமே தீர்ந்தது. 2021-ஆம் வருஷத்தில், கூட்டுறவு ஸ்தாபனங்களில் 16 இலட்சத்து 43 ஆயிரத்துச் சொச்சம் விவசாயிகள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் தள்ளுபடி செய்தனர். முன்னது சட்டத்தால் நிகழ்ந்தது. பின்னது அரசாங்க ஆணையால் நிகழ்ந்தது. இரண்டிலும் தரகனுக்கு இடமில்லை. ஆதலால் “பட்டியலில் உன் பெயரைச் சேர்க்க இவ்வளவு கொடு” என்று கேட்பவன் எவனாயினும் அவன் கள்வனே என்று துணிக.

இந்நாளில் இவ்வஞ்சகம் பல வேஷங்களில் வருகின்றது. சிலர் “கடன் தள்ளுபடிப் பத்திரம்” தருவதாக விளம்பரஞ் செய்து, ஊழியக் கட்டணம் என்றும் வக்கீல் கட்டணம் என்றும் பணம் பறிக்கின்றனர். வங்கிக் கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டுவதே இல்லையென்றும் துணிந்து கூறுகின்றனர். 2023 டிசம்பர் 11-ஆம் தேதியன்று ரிசர்வ் வங்கியாரே இவர்களைக் குறித்துப் பொதுஜனங்களை எச்சரித்து, அத்தகைய பத்திரம் கொடுக்க இவர்களுக்கு யாதோர் அதிகாரமும் இல்லையென்று வெளியிட்டனர்.

வேறு சிலர் வங்கி உத்தியோகஸ்தர்போல் கைப்பேசியில் அழைத்து, “பாதித் தொகை இன்றே செலுத்தினால் கணக்கு முடிந்தது” என்பர். செலுத்திய பணம் தனியொருவன் கணக்கிற் சேரும். கடனோ முன்போலவே நின்று வட்டியுடன் வளரும்.

மூன்றாவது வகையினரே மிகக் கொடியர். “வங்கிக்குத் தவணை கட்டாதீர்; கடிதம் வந்தாலும் பிரிக்காதீர்; எம்மிடம் மாதந்தோறும் செலுத்துக, யாம் பேசி முடிப்போம்” என்பர். வீட்டை ஈடு வைத்தவர் இதனை நம்பினால் என்னாகும்? 2002-ஆம் வருஷத்துச் ‘சர்ஃபாசி’ சட்டப்படி, தவணை தவறி வாராக்கடனான பின் வங்கி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பும். அதற்கு ஆட்சேபம் எழுதினால் 15 நாட்களுக்குள் வங்கி விடையளித்தல் வேண்டும். பின்னர்ச் சொத்தைக் கைப்பற்ற முற்பட்டால், 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். கடிதத்தைப் பிரியாதவர் இந்நாட்களையெல்லாம் இழப்பர். நாள் போனபின் வீடும் போகும்.

அங்ஙனமாயின் நேர்வழி இல்லையோ எனின், உண்டு. வங்கிகள் கடனாளியோடு சமரசமாகத் தொகை பேசி முடிப்பதற்கு 2023 ஜூன் மாதத்தில் ரிசர்வ் வங்கியார் விதி வகுத்திருக்கின்றனர். தாமே கிளைக்குச் சென்று, எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே விடை பெற்று, கடன் கணக்கிலேயே பணஞ் செலுத்துதல் வேண்டும். குறைத்து முடித்த கடன் நமது கடன் வரலாற்று அறிக்கையில் அவ்வாறே குறிக்கப்பெறும் என்பதையும், பிற்காலத்தில் கடன் பெறுவதற்கு அது இடையூறாகலாம் என்பதையும் அறிந்தே இசைய வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமின்றிச் சமரசஞ் செய்துகொள்ளலாம். அங்கே செய்யப்படும் முடிவு சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்கு ஒப்பானது. ஜில்லாச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவினிடம் ஸ்திரீகள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். வங்கி 30 நாட்களுக்குள் குறை தீர்க்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், அதற்கும் செலவில்லை. பணம் ஏமாந்தவர் ஒரு கணமும் தாமதியாது 1930 என்னும் எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும்.

இனி நம்மவர்க்கே உரியதொன்று கூறுவேன். வஞ்சகன் அந்நியனாகவே வருவான் என்பதில்லை. “நானும் நம்மவனே, மாமன் மச்சான் முறை” என்று கூறி வருபவனிடம் நாம் ரசீது கேட்கக் கூசுகின்றோம். உறவின்முறை என்பது ஒருவரையொருவர் தாங்குதற்கேயன்றிக் கணக்கு மறைப்பதற்கன்று. கடன்பட்டதை வெளியிற் சொல்ல வெட்குதலும் வஞ்சகனுக்கே துணையாகின்றது. கணவன் மனைவிக்கு மறைக்கின்றான்; மனைவி குழுக்கடனைக் கணவனுக்கு மறைக்கின்றாள்; இருவருக்கும் தனித்தனியே ஒரு “மீட்பன்” வாய்க்கின்றான்.

ஆதலால் இச்சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். கணக்கும் சட்டமும் அறிந்த நம்மவர் மூவர், மாதம் ஒரு நாள் சங்கக் கட்டிடத்தில் அமர்ந்து, கடன் கடிதங்களோடு வருவோர்க்கு அவற்றைப் படித்துப் பொருள் சொல்லுதல் வேண்டும். பணம் வாங்கவும் வேண்டா. பிறரிடம் பெயர் வெளியிடவும் வேண்டா. கலியாணத்திற்கும் கல்விக்கும் உதவும் சங்கம், ஒரு குடும்பத்தின் வீடு போகாமற் காப்பதையும் தன் கடமையாகக் கொள்ளுமாயின், அதனினும் சிறந்த தர்மம் யாதுளது? இதனை அங்கத்தினர் அடுத்த கூட்டத்திலேயே ஆலோசித்து முடிவு செய்யுமாறு வேண்டுகின்றேன்.