புது ஊரும் பழைய துணையும்

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலம் சென்று வாழும் தமிழர் ஒவ்வொருவருக்கும் புது ஊரில் ஒரு முதல் இரவு உண்டு. மூட்டை முடிச்சுகள் அவிழ்க்கப்படாமல் கிடக்கும். அண்டை வீட்டார் பேச்சு செவியில் விழும், பொருள் விளங்காது. நெல்லைச் சீமையிலிருந்து செகந்தராபாத்துக்குக் குடிபெயர்ந்த நாங்கள் அவ்விரவை நன்கு அறிவோம்.

எங்கள் அன்னையாருக்கு அது மற்றவரினும் கடினமாயிற்று. எங்கள் தந்தையாரின் கல்லறை ஊரில் இருக்கிறது. உயிர்த்தெழுந்த திருநாள் விடியலில் அங்கே பூவும் மெழுகுவத்தியும் வைப்பது அன்னையாரின் வழக்கம். "இனி யார் வைப்பார்?" என்று அவர் கேட்டபோது எங்களிடம் விடை இல்லை. பெட்டியைத் திறந்து வேதப்புத்தகத்தை எடுத்தோம். பாய் விரித்துக் குடும்ப ஜெபம் செய்தோம்.

அன்று வாசித்தது எரேமியாவின் 29-ஆம் அதிகாரம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்ற தம் மக்களுக்கு எருசலேமிலிருந்து அத்தீர்க்கதரிசி விடுத்த நிருபம் அது. விரைவில் ஊர் திரும்பலாம் என்று சிலர் அம்மக்களுக்கு ஆசை காட்டிவந்தனர். எரேமியாவோ அத்தகைய பொய்யாறுதல் கூறவில்லை. அங்கேயே வீடு கட்டவும், தோட்டம் இடவும், அந்நகரின் நலத்துக்காக இறைவனை வேண்டவும் பணித்தார். நகரம் நலமுற்றால் அவர்களும் நலமுறுவர் என்பது அவர் வாக்கு. விசுவாசம் தரும் ஆறுதலோடு ஒரு கடமையும் சேர்ந்தே வருகிறது என்பதை அன்று உணர்ந்தோம்.

மறுநாள், வரும் வழியில் கடந்த டோர்னக்கல் சந்திப்பை அன்னையாருக்கு நினைவூட்டினோம். நம் வெள்ளாளன்விளையில் 1874-ஆம் ஆண்டு பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா தொண்டாற்றிய ஊர் அது. தெலுங்கு கற்று அம்மக்களிடையே வாழ்ந்த அவர், 1912-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1939-ஆம் ஆண்டு அங்கே பிரதிஷ்டை செய்யப்பெற்ற பேராலயத்தில் இந்து, இஸ்லாமியக் கட்டடக் கலைகளின் சாயலையும் இன்றும் காணலாம். 1945-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மறைந்த அவர், அம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

"நம்மூர்ப் பிள்ளை அங்கேயேவா இருக்கிறார்?" என்றார் அன்னையார். சற்று நேரம் பேசாதிருந்தார்.

அடுத்த ஞாயிறன்று அருகிலிருந்த தெலுங்குக் கோயிலுக்குச் சென்றோம். பிரசங்கம் விளங்கவில்லை. ஆனால் இயேசு கற்பித்த ஜெபத்தைச் சபையார் சொல்லத் தொடங்கியதும், அதன் ஏற்ற இறக்கம் கொண்டே அறிந்து தமிழில் உடன் சொன்னோம். அருகில் நின்ற மூதாட்டி அன்னையாரின் கையைப் பற்றினார்.

உயிர்த்தெழுந்த திருநாள் வந்தது. ஊரில் தந்தையாரின் கல்லறைக்கு எங்கள் சிற்றப்பா பூ வைத்தார். விடியலில் பூக்கூடையுடன் புறப்பட்ட அன்னையார், இவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு கல்லறையைத் துடைத்துப் பூ வைத்தார். "இவருடைய பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்களோ!" என்றார்.

அன்பர்களே, நம் சமயம் எதுவாயினும் ஆகுக. பிரிவுத் துயர் முற்றும் தீராது. ஆயினும், குடியேறிய ஊரின் நலத்தை வேண்டத் தொடங்கும் நாளிலேயே அவ்வூர் நமக்குச் சொந்தமாகத் தொடங்குகிறது.